கழற்றும் முன் சோதித்துப் பாருங்கள்: பழைய லாரி – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாமே வயதான வண்டிகளைப் பற்றியவை. பழுது எதுவென்று தெரிவதற்கு முன்பே பார்ட்ஸ் வாங்கிப் போட்டுவிட்டு எழுதியவர்கள்தான் அதிகம். அதனால் ஒவ்வொரு பதிலிலும் சோதனையை முதலில் சொல்கிறோம், கழற்றும் வேலை அதற்குப் பிறகு.

கேள்வி: எங்களிடம் 1998 மாடல் டாடா 407 இருக்கிறது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஃபீட் பம்பில் இருக்கும் கை பிரைமரை இருபது முப்பது தடவை அடித்தால் பிடித்துக்கொள்கிறது. மேடு ஏறும்போது சில நேரம் இழுவை விட்டுப்போகிறது. பேட்டரி மாற்றியாயிற்று, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) நான்கும் சர்வீஸ் செய்தாயிற்று. இப்போது டீசல் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றலாமா?
– வாசகர், துறையூர்

பதில்: கழற்ற வேண்டாம். பிரைமர் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கண்டுபிடிப்பு அதிலேயே முடிந்துவிட்டது. இரவில் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் காற்று ஏறுகிறது. எங்கே ஏறுகிறது என்பதுதான் பாக்கி.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. ஃபீட் பம்புக்கு அப்புறம் ஃபில்டர் வழியாக டீசல் பம்புக்குத் தள்ளப்பட்டுப் போகிறது. தள்ளும் பக்கத்தில் கசிந்தால் ஈரம் தெரியும், தூசி ஒட்டிக் கருப்பாக இருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே வராது. ஓட்டை விழுந்த குழாயில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி காற்றுதான் சேர்ந்து வரும். கண்ணால் பார்த்து இந்தக் கசிவைப் பிடிக்க முடியாததால்தான் நாசில், பம்ப் என்று செலவு போகிறது.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் ஊற்றுங்கள். ஃபீட் பம்புக்கு டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் புது டீசல் ஹோஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கேனின் அடிவரை விடுங்கள். கேன் ஃபீட் பம்பை விடக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் டீசல் தானாக இறங்கிப் பழுதை மறைத்துவிடும். சைலென்சர் பைப்புக்கும் ஃபேனுக்கும் எட்டாமல் கட்டிவையுங்கள். ஏர் எடுத்து (லைனில் உள்ள காற்றை வெளியேற்றி; வரிசை கீழே இருக்கிறது), ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கேனை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் செல்ஃப் போடுங்கள். உடனே பிடித்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். பிடிக்கவில்லை என்றால் ஃபீட் பம்பின் உள் வால்வுகள், பிரைமரின் சீல், ஃபில்டர் வாஷர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால் கிளிப்புக்கு அடியில் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். கிளிப்பை நகர்த்தினால் அதன் அடியில் நகம் கீறின மாதிரி நீளவாக்கில் வெடிப்பு இருக்கும். அடுத்தது டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு பைப். துரு தின்று அதில் ஊசித் துளை விழுந்திருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது தொந்தரவே இருக்காது, பாதிக்குக் கீழே போனதும் ஆரம்பிக்கும். உங்கள் வண்டியில் எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஃபீட் பம்பின் வாயில் இருக்கும் சின்ன ஜல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். மேட்டில் இழுவை குறைவதற்கு அதில் அடைத்த கசடும் காரணமாகலாம். டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருந்தாலும் ஓட ஓட இழுவை போகும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் அதுதான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு அடி போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் நாலு குமிழி வருவது சகஜம். ஐந்து நிமிடம் கழித்தும் மணி மணியாகக் குமிழி ஓடினால் காற்று இழுக்கிறது. பார்த்து முடித்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் சூட்டில் அது தாங்காது.

ஏர் எடுக்கும் வரிசை: முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை பிரைமர் அடித்து, டீசல் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் ஏர் ஸ்க்ரூவில் அதையே செய்யுங்கள். லைன் பம்பாக (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பம்ப் ஒரே வரிசையில் உள்ள டீசல் பம்ப்) இருந்தால் பெரும்பாலும் இதோடு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகாவிட்டால் நாசில் முனையில் இரண்டு பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் போட்டு, டீசல் துப்பத் தொடங்கியதும் இறுக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் போடக் கூடாது, நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். கழற்றிய காப்பர் வாஷரை மறுபடி போடாதீர்கள். ஒரு தடவை நசுங்கியது இரண்டாம் தடவை சீல் ஆகாது, காற்று திரும்பவும் அங்கேதான் நுழையும்.

ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்கிற நிலை வரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். தவறித் தோலில் பாய்ந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கொல்லிமலைக்கு லோடு ஏற்றிப் போனால் பாதி மலையிலேயே ஹீட் முள் சிவப்புக்குப் போகிறது. பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அப்புறமும் குறையவில்லை, முன்பைவிட அதிகம் என்றே தோன்றுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.
– வாசகர், ராசிபுரம்

பதில்: உங்களுக்குத் தோன்றுவது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் பாதையை மூடிவைப்பது ஒன்று. பல இன்ஜின்களில், சூடான பிறகு பைபாஸ் பாதையை மூடுவது இன்னொன்று. வால்வை எடுத்துவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துகிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சமவெளியில் வெறும் வண்டியாக ஓட்டும்போது இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். லோடோடு மலை ஏறினால் கொதிக்கும். ஆகவே முதலில் வால்வைத் திரும்பப் போடுங்கள்.

புது வால்வையும் சோதித்துவிட்டே போடுங்கள். அதன் மேலேயே டிகிரி அடித்திருக்கும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அடித்திருக்கும் டிகிரிக்கு இரண்டு மூன்று முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுக்கத் திறக்க வேண்டும்.

மலையில் மட்டும் ஹீட் ஆகிறது, சமவெளியில் இல்லை என்றால் ரேடியேட்டரின் மேல்தான் முதல் சந்தேகம். வெளியே வைக்கோல் தூசும் பூச்சியும் அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ரொம்ப வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, சூடான இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மெதுவாக மேலிருந்து கீழாகக் கொண்டு போங்கள். சூடு படிப்படியாகக் குறைவது சரி. நடுவில் ஒரு திட்டு மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துப்போயின. உங்கள் போர் தண்ணீரின் உப்பு அங்கேதான் படிந்திருக்கிறது. வீட்டில் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்ய வேண்டாம், அலுமினிய பாகங்களை அரித்துவிடும். ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். அது துருப்பிடித்துக் கரைந்திருந்தால் இன்ஜின் வேகமெடுக்கும்போது வாட்டர் பம்ப் உறிஞ்சும் உறிஞ்சில் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். நின்றிருக்கும் வண்டியில் ஒருவர் ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பிடிக்க, இன்னொருவர் ஃபேனுக்கு விலகி நின்று பார்த்தாலே தெரியும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கவசத் தகடு பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கிறது. அது இல்லாமல் ஃபேன் அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். உங்கள் வண்டியில் இல்லை என்றால் தகரக் கடையிலாவது அடித்துப் போடுங்கள்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு பார்ட்ஸ்தான். அரை பார் அழுத்தத்தை அது பிடித்துவைத்தால் தண்ணீர் 100-க்குப் பதில் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அந்த 11 டிகிரியையும் பறித்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) மேல். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, தண்ணீர் வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஆரம்பித்து நிற்காமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீரில் கலக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டாமல், ஹெட்டின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிமேல் போர் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி ஊற்றுங்கள். ரெடிமிக்ஸ் என்று போட்டிருந்தால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. மலையில் கொதித்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள். ஹெட் வெடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு குடம் தண்ணீரில்தான்.

கேள்வி: சாவி போட்டால் "டக்" என்று மட்டும் சத்தம் வருகிறது, செல்ஃப் சுற்றுவதில்லை. நாலைந்து தடவை போட்டால் சுற்றுகிறது. செல்ஃப் மோட்டாரை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாகிவிட்டது. 12 வோல்ட் வண்டி.
– வாசகர், மணப்பாறை

பதில்: ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஒருவர் சாவி போடும்போது பேட்டரி முனையிலேயே பாருங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

10-க்கு மேல் நின்றும் சுற்றவில்லை என்றால் வழியில் எங்கோ கரண்ட் தங்குகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் சாவி போடச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. அதேபோல் பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கு வையுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வண்டிகளில் எர்த் பட்டைதான் அதிகம் கெடுகிறது: இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போகும் பின்னல் பட்டை, ஆயிலில் ஊறிப் பச்சைப் பூத்து, பாதி இழை அறுந்திருக்கும். சாவி போட்டுக்கொண்டே இருக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். எர்த் இல்லாத கரண்ட் அந்தக் கேபிள் வழியே போகத் தேடும். புதுப் பட்டை போடும்போது சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கிற இடத்தில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

24 வோல்ட் லாரி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: ரேடியோவுக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்தப் பேட்டரி எப்போதும் குறை சார்ஜிலும், கூட இருப்பது மிகை சார்ஜிலும் ஓடி இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

கேள்வி: மினி லாரியில் பிரேக் பெடல் முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டாம் மிதியில் மேலே வந்து நன்றாகப் பிடிக்கிறது. பிரேக் ஆயில் குறையவில்லை. ஏர் எடுத்தும் பலன் இல்லை.
– வாசகர், பல்லடம்

பதில்: ஏர் எடுத்துப் பலன் இருக்காது. ஹைட்ராலிக் டிரம் பிரேக்கில் பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலேயே பழுது தெரியும். இரண்டாம் மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போய், வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிற்று. பெடல் கல் மாதிரி இருந்தால் பூஸ்டருக்கு (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) வேக்கம் வரவில்லை: இன்ஜினை நிறுத்தி ஐந்து தடவை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் பம்ப், ஹோஸ், பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

உங்களுடையது முதல் வகை. சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை முடுக்கி, பிறகு லேசாக உரசிக்கொண்டு கையால் சுற்ற வரும்வரை தளர்த்துங்கள். டிரம்மைத் திறந்தால் லைனிங் ரிவெட்டின் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மட்டத்துக்கு வரப்போகிறது என்றால் அட்ஜஸ்ட் செய்வது வீண்.

உள்ளே ஈரமாக இருந்தால் மோந்து பாருங்கள். வீல் சிலிண்டரிலிருந்து வந்த பிரேக் ஆயிலா, ஹப் சீல் போய் வந்த கியர் ஆயிலா என்று வாடையே சொல்லும். கியர் ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுகிற பழக்கம் இருக்கிறது. முதல் சூட்டில் உள்ளிருக்கும் ஆயில் மேலே வந்து ஒரு பக்கம் இழுக்கும். அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது லைனிங் போடுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தூசியை ஏர் அடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ரப்பர்களை டீசலிலோ இன்ஜின் ஆயிலிலோ கழுவவே கூடாது, ஊதிப் பெருத்துவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றிவிடுங்கள். அப்போது ஏர் எடுக்கையில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, நடுநடுவே டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் பிரேக் லாரிகளில் பின் அச்சில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை வீட்டில் பிரிக்க வேண்டாம். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

கேள்வி: பழைய லாரியின் ரிங் வைத்த டிஸ்க்கில் பஞ்சரை நாமே போட்டுக்கொள்ளலாமா? காற்றடிக்கக் கம்ப்ரஸர் வீட்டில் இருக்கிறது.
– வாசகர், சங்ககிரி

பதில்: சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள், காற்றை வீட்டில் அடிக்காதீர்கள். லாக் ரிங் (டயரை டிஸ்க்கில் பூட்டிப் பிடிக்கும் இரும்பு வளையம்) பள்ளத்தில் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் ரிங் குண்டு மாதிரி கிளம்பும். கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸில், பக்கவாட்டில் நின்று அடிக்க வேண்டிய வேலை இது. காற்று ஏறிய பிறகு ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்காரவைப்பது உயிரோடு விளையாடுவது.

கழற்றும்போதும் ஒரு விதி. நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் வால்வ் பின்னை எடுத்துக் காற்று முழுக்க இறங்கவிடுங்கள். துளை அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். பின்னால் ஜோடிச் சக்கரம் என்றால் இரண்டிலும் இறக்குங்கள். உள் சக்கரத்தின் டிஸ்க் வெடித்திருந்தால் நட்டுகள்தான் அதைப் பிடித்துவைத்திருக்கும். காற்றில்லாமல் ஓடிய டயருக்கு அப்படியே மேற்கொண்டு காற்றடிக்காமல், கழற்றி உள்பக்கம் பார்த்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் எதிர் மரையில் இருக்கும். போல்ட் முனையில் அதைக் காட்டும் எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துவிட்டு பலத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: வேறு வண்டியின் இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. மாற்றிப் போட்டு ஓட்டலாமா?
– வாசகர், அரூர்

பதில்: ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) இன்ஜின் நம்பரை ஏற்றிய பிறகுதான் ஓட்டலாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, நம்பர் ஒத்துவராவிட்டால் அங்கே நின்றுவிடும். விற்பவரிடம் அந்த இன்ஜினின் பழைய ஆர்.சி. நகலும் பில்லும் இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: டேப்பட் (வால்வ் இடைவெளி) நாமே வைக்க ஆசை. எந்த சிலிண்டரை எப்போது வைப்பது என்று புரியவில்லை. நாலு சிலிண்டர் இன்ஜின்.
– வாசகர், முசிறி

பதில்: கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் அடிக்கும் (டீசல் எரியும்) இன்ஜினில் ஐந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது சிலிண்டரில் ஒரு வால்வ் மூடிக்கொண்டே வர, மற்றது திறக்கத் தொடங்கி, இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) ஒரே நேரத்தில் ஆடுகிற இடத்தில் நிறுத்தினால் ஒன்றாவது சிலிண்டரை வைக்கலாம். இரண்டு ஆடினால் மூன்று, ஒன்று ஆடினால் நாலு, மூன்று ஆடினால் இரண்டு; கூட்டினால் எப்போதும் ஐந்து வரும். 1-5-3-6-2-4 என்று அடிக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜினில் கூட்டினால் ஏழு.

இடைவெளி எவ்வளவு, ஆறிய இன்ஜினிலா சூட்டிலா என்பதை உங்கள் இன்ஜினின் புத்தகத்தில் பார்த்தே வையுங்கள். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அளவு வேறாக இருந்தால் இடம் மாற்றிவிடாதீர்கள். சத்தமே இல்லாமல் வைத்துக் கொடு என்று கேட்பவர்கள் உண்டு. இறுக்கமாக வைத்த டேப்பட் சத்தம் போடாமலேயே வால்வை எரித்துவிடும். அளவுக்குள் லேசாகச் சத்தம் வந்தால் வரட்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பும், ஆகவே இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மறுபடி நுழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.